நடை திறப்பதற்கு முன்

கேதாரமும் வதரியும் பனியில் மூடிக் கிடக்கும் பங்குனியில் கட்வால் மலைச் சாலையோரம் சிவக்கிறது புரான்ஸ். பூ மாறவில்லை. அது பூக்கும் தேதிதான் மாறிக்கொண்டிருக்கிறது.

ரிஷிகேஷிலிருந்து மலையேறும் சாலையில் தமிழ் காதில் விழாத கோடைகாலம் கிடையாது. பாகீரதியும் அலகநந்தாவும் கலக்கும் தேவப்பிரயாகைப் படித்துறையில் மதுரைக் குடும்பமும் மாம்பலத்துக் குடும்பமும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போடுகின்றன. வைணவர்களுக்கு இது திருக்கண்டம் கடிநகர். பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ பத்ரிநாத்தில் நடை திறந்ததும் இந்தக் கூட்டம் தொடங்கும். நவம்பரில் நடை சாத்தியதும் ஓயும். கோயில் காலண்டரைப் பார்த்து வரும் இவர்களில் பெரும்பாலோர், இதே சாலை ஆறு வாரம் முன்னால் எப்படி இருந்தது என்பதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பயணத் தேதியை மாற்றிக்கொண்டிருப்பார்கள். குறைந்தபட்சம் அப்படி ஒரு சபலமாவது வந்திருக்கும்.

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடிய மத்திய இமயமலையின் நடு உயரச் சரிவுகளில் புரான்ஸ் பூக்கிறது. தாவர இயல் பெயர் ரோடோடெண்ட்ரான் ஆர்போரியம். உத்தரகண்டின் மாநில மரம்; அண்டை நாடான நேபாளத்தின் தேசிய மலர். தமிழ்நாட்டுக்கும் அந்நியம் இல்லை. இதன் நெருங்கிய உறவான காட்டுப்பூவரசு நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக் காடுகளின் ஓரத்தில் நிற்கிறது. இடையில் கிடக்கும் சமவெளி முழுவதையும் தாண்டி இரண்டு முனையிலும் ஒரே மரம் எப்படி வந்தது என்பது தாவர இயலாளர்களுக்கு இன்னமும் சுவையான விஷயம்.

பூவைத் தேடிப் போகிறவர்கள் முதல் நாள் பொறுமையாக இருக்க வேண்டும். ரிஷிகேஷிலிருந்து ருத்ரப்பிரயாகை வரை சுமார் 140 கிலோமீட்டருக்குச் சாலை ஆற்றை விட்டு விலகுவதில்லை. அகலப்படுத்துவதற்காக வெட்டப்பட்ட மலைச்சரிவுகளும், சிமெண்ட் தூசியும், சீர் பைன் மரங்களும்தான் துணை. வழியில் உள்ள ஸ்ரீநகர் (காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல, கட்வால் அரசர்களின் பழைய தலைநகர்) தாழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பதால் மார்ச்சிலேயே வெயில் உறைக்கும். 1796-ல் இந்த ஸ்ரீநகரைப் பார்க்கப் புறப்பட்ட தாமஸ் ஹார்ட்விக் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரிதான் புரான்ஸைக் கண்டு ஐரோப்பியத் தாவர இயலாளர்களுக்குத் தெரிவித்தவர். அதன்பின் 1805-ல் அதற்கு லத்தீன் பெயர் கிடைத்தது. அதற்கு முன்பே அந்த மரம் மலைக்காரர்களின் பாட்டிலும் அடுப்பிலும் இடம்பிடித்திருந்தது.

ருத்ரப்பிரயாகையில் யாத்திரிகர்களின் பிரதான சாலையை விட்டு இடப்புறம் மந்தாகினியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். குண்ட் என்ற இடத்தில் பாலத்தைக் கடந்தால் ஏற்றம். உக்கிமட் வந்துவிடும். பனிக்காலத்தில் கேதாரநாதரின் உற்சவ மூர்த்தி இங்குள்ள ஓங்காரேஷ்வர் கோயிலில்தான் எழுந்தருளியிருக்கிறார். ஆக, பூக்கும் காலத்தில் சாமியும் மேலே இல்லை, கீழேதான் இருக்கிறார்.

முதல் மரங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தென்படும். முறுக்கிய கருப்புத் தண்டு, தடித்த இலை, இலைக்கு அடியில் வெள்ளிச் சாயல். கிளை நுனியில் பதினைந்து இருபது பூக்கள் கொத்தாக, கையால் கட்டிய செண்டு போல. ஒவ்வொரு பூவும் ஒரு சிறு மணி. அதன் அடியில் ஐந்து தேன் பைகள். தேன்சிட்டுகள் அந்த மணிக்குள் தலையை விட்டுக் குடிக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் ஏறக்குறைய அதையே செய்கிறார்கள். லங்கூர் குரங்குகளுக்கு அந்த நாசூக்கு இல்லை. பூவையே பிய்த்துத் தின்கின்றன.

இந்தச் சாலையின் விசேஷம் வேறு. புரான்ஸ் மலை முழுவதும் ஒரே நாளில் பூப்பதில்லை. 1,500 மீட்டரில் முதலில் மலர்ந்து, வெயில் ஏற ஏற அதுவும் சரிவில் ஏறுகிறது. மார்ச் நடுவில் உக்கிமட் பக்கம் பூ உதிர்ந்து தார்ச்சாலை சிவந்து கிடக்கும்போது, முப்பது கிலோமீட்டர் தள்ளி சோப்தாவில் மொட்டுகள் மூடிய விரல் போலக் குளிரில் நிற்கும். அதாவது ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் மேலே போவது காலண்டரில் ஒரு மாதம் பின்னால் போவதற்குச் சமம். ஏப்ரல் நடுவில் இது தலைகீழ். கீழே வெறும் இலை, மேலே துகல்பிட்டாவிலிருந்து சோப்தா வரை பூக்காடு. நிறமும் மாறுகிறது. தாழ்வில் ரத்தச் சிவப்பு. உயரம் கூடக் கூட ரோஜா நிறம். சோப்தாவுக்கு மேல் சில மரங்கள் கிட்டத்தட்ட வெள்ளை. பூவுக்காக ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் ஏப்ரல் இரண்டாவது வாரம் உத்தமம். மார்ச்சில் வருகிறவர்கள் சோப்தாவில் பனி விழுந்து சாலை மூடப்படலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விடிந்த பிறகு கிளம்பி இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்வது நல்லது. வளைவுகளில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது நல்லதல்ல.

சாலையோரக் கடைகளில் சிவப்பு பாட்டில்கள் அடுக்கியிருப்பார்கள். புரான்ஸ் சர்பத். பெண்கள் காட்டில் பூ பொறுக்கி, மகரந்தக் காம்புகளை நீக்கி, இதழைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுவது. புளிப்பும் இனிப்புமான சுவை. இதயத்துக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்வதை நம்புவது அவரவர் விருப்பம். கையில் காசு புழங்காத மாதங்களில் இந்தப் பாட்டில் பல குடும்பங்களுக்கு வருமானம். நிறம் சந்தேகத்துக்கிடமாகப் பளபளத்தால் அடுத்த கடைக்குப் போவது உசிதம்.

புரான்ஸ் வெறும் காட்சிப் பொருளாக இருந்திருந்தால் அது எப்போது பூத்தால் என்ன என்று விட்டுவிடலாம். மலைக்காரர்களின் ஆண்டு இந்தப் பூவோடுதான் தொடங்குகிறது. சூரியன் மீன ராசியில் நுழையும் நாள் அவர்களுக்கு சைத மாதம் முதல் தேதி. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அதே நாள் பங்குனி ஒன்று. அன்று ஃபூல் தேயி: 'ஃபூல்' பூ, 'தேயி' வாசற்படி. ரிங்கால் என்ற சிறு மூங்கிலில் பின்னிய கூடையோடு பிள்ளைகள் விடிவதற்குள் கிளம்புகிறார்கள். கூடையில் சிவப்புக்குப் புரான்ஸ், மஞ்சளுக்குப் பாறை இடுக்கில் பூக்கும் பியோலி. வீடு வீடாகப் போய் வாசற்படியில் பூ வைத்து, அந்த வீடு நிறைந்திருக்க வேண்டும் என்று பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் அரிசியும் வெல்லமும் சில்லறையும் தருவார்கள். குமாவூனில் இது ஒரு நாள் பண்டிகை. கட்வாலில் சில ஊர்களில் எட்டு நாள், சில ஊர்களில் மாதம் முழுவதும்.

இந்த ஏற்பாட்டில் பூ தன் பங்கைச் சரியாகச் செய்தாக வேண்டும். அங்கேதான் பிரச்சினை. சமீப ஆண்டுகளில் ஜனவரி, பிப்ரவரியிலேயே புரான்ஸ் பூத்துவிட்டதாகத் தாழ்ந்த மலைப் பகுதிகளிலிருந்து திரும்பத் திரும்பச் செய்தி வருகிறது. பனியில்லாத, மழை குறைந்த குளிர்காலம் மரத்தை ஏமாற்றுகிறது. வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி மலர்ந்த பூவின்மேல் பிறகு பனி கொட்டுகிறது. அல்மோராவை அடுத்த கோசி-கடார்மலில் உள்ள கோவிந்த வல்லப பந்த் இமயமலை ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், தேதி குறித்து உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட பழைய பூங்கிளைகளைக் களத்தில் இன்று காண்பதோடு ஒப்பிட்டார்கள். நூறு ஆண்டுகளில் பூக்கும் காலம் ஏறத்தாழ மூன்று மாதம் முந்திவிட்டது என்பது 2014-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு. கிளை ஒடித்துச் சேகரித்தவர்கள் தங்கள் வசதிக்கு மலையேறியவர்கள். ஆகவே அந்த எண்ணை நாள் கணக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் மலையில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. பாட்டில் வியாபாரிகளுக்கு ஒரு மாதம் முன்னால் அடுப்பு மூட்டினால் போயிற்று. பிள்ளைகளால் பங்குனி ஒன்றாம் தேதியை முன்னால் நகர்த்த முடியாது. இன்னும் உயரே ஏறிப் பறித்து வர வேண்டியதுதான்.

வாசற்படியின் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்து ஆண்டுகளில் ஜனத்தொகை குறைந்த உத்தரகண்ட் மாவட்டங்கள் இரண்டு: பவுரி கட்வால், அல்மோரா. வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் டேராடூன், டெல்லி என்று இறங்கிப் போனவர்களின் வீடுகள் கல் கூரையோடு பூட்டிக் கிடக்கின்றன. சாலையிலிருந்து பார்த்தாலே எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்; முற்றத்தில் செத்தை முளைக்காதது ஆள் உள்ள வீடு.

உக்கிமட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பைன் மரங்கள் விடைபெற்று ஓக் தொடங்கும்போது காற்றே மாறுகிறது. பாஞ்ஜ், மேலே போனால் மோரு, அதற்கும் மேலே கர்ஸு என்று மூன்று வகை ஓக். பாசி படர்ந்த தண்டுகளும் ஈர மண்ணுமான இந்த ஓக் காட்டுக்குள்தான் புரான்ஸ் செழிக்கிறது. பாஞ்ஜ் இருக்கும் சரிவில் ஊற்று வற்றாது என்பது மலைப் பெண்களின் கணக்கு. தீவனமும் விறகும் தருவதும் அதுவே. பைன் காட்டில் நிலைமை வேறு. உதிரும் ஊசி இலை கோடையில் பஞ்சு போலப் பற்றுகிறது. பிசினுக்காகவும் மரத்துக்காகவும் வெள்ளைக்கார வனத்துறை வளர்த்து ஊக்குவித்தது பைனைத்தான். 1921-ல் குமாவூன் விவசாயிகள் கோபத்தில் அரசுக் காடுகளைக் கொளுத்தியபோது அவர்கள் எரித்தது பைன் காடுகளை, ஓக் காடுகளைத் தொடவில்லை என்று ராமச்சந்திர குஹா 1989-ல் வெளியான 'தி அன்கொயட் உட்ஸ்' நூலில் காட்டியிருக்கிறார். இப்போது பற்றும் தீக்கு அந்த விவேகம் கிடையாது. 2016-லும் 2024-லும் உத்தரகண்ட் காடுகள் வாரக்கணக்கில் எரிந்தன. 2024 ஜூனில் அல்மோரா அருகே பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் நால்வர் அங்கேயே கருகி இறந்தனர்.

சோப்தாவில் ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. சில டீக்கடைகள், தங்கும் விடுதிகள், கூடாரங்கள், சௌகம்பா சிகரத்தின் முழு வெள்ளை. ஏப்ரலில் முன்னால் பூவும் பின்னால் பனியுமாக எந்தக் கற்றுக்குட்டியின் கேமராவும் இங்கே தோற்பதில்லை. இங்கிருந்து துங்கநாத் நான்கு கிலோமீட்டர் நடை. அந்தக் கோயிலும் அப்போது மூடியிருக்கும்; சாமி மக்குமட் கிராமத்தில். பாதை முழுக்க புரான்ஸின் குள்ளமான தம்பிகள். மரமாக நிமிராமல் பனியின் பாரத்தில் வளைந்து கிடக்கும் இந்தப் புதர்கள் மே, ஜூனில்தான் வெளிறிய ஊதா நிறத்தில் மலரும். நடை திறந்த பிறகு வரும் யாத்திரிகர்களுக்கு மிச்சம் வைத்திருப்பது இந்தப் பூ.

சோப்தாவுக்கு அப்பால் சாலை கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இறங்குகிறது. வண்டி நடமாட்டம் குறைவு. இந்த நாற்பது கிலோமீட்டர்தான் பயணத்தின் சிறந்த பகுதி என்று தாராளமாகச் சொல்லலாம். சோப்தாவோடு திரும்பிவிடுகிறவர்கள் இதை இழக்கிறார்கள். காஞ்சுலா கரக் வழியாக வளைந்து வளைந்து இறங்கும்போது, ஏறும்போது பார்த்தது திரும்ப எதிர்வரிசையில் வருகிறது: ரோஜா நிறம், சிவப்பு, உதிர்ந்த பூ. இறக்கத்தின் முடிவில் மண்டல் கிராமம்.

1973 வசந்தத்தில் நடந்தது இங்கேதான். உழவுக் கருவி செய்ய 'அங்கு' மரம் சில வேண்டும் என்று கோபேஷ்வரின் தசோலி கிராம ஸ்வராஜ்ய சங்கம் கேட்டது. வனத்துறை மறுத்தது. அதே மரங்களை அலகாபாத்தைச் சேர்ந்த ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு வெட்டிக்கொள்ளக் கொடுத்தது. மரத்தைக் கட்டிக்கொண்டு தடுக்கலாம் என்ற யோசனை சண்டிபிரசாத் பட் தலைமையிலான அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் பிறந்தது. ஏப்ரல் 24-ம் தேதி கிராமத்தார் தாரை தப்பட்டையோடு திரண்டபோது கம்பெனி ஆட்கள் வெட்டாமலே திரும்பினார்கள். சிப்கோ என்ற பெயர் அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 26-ம் தேதி ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் செய்தது புத்தகங்களில் இடம்பெற்றுவிட்டது. மண்டல் அதிகம் பேசப்படவில்லை. இரண்டு தேதிகளுமே புரான்ஸ் பூக்கும் காலத்தில் விழுகின்றன. காரணம் எளிது: பனி உருகியதும் பூ வருகிறது, கோடரியும் வருகிறது.

1980-களின் தொடக்கத்தில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்ட அரசு தடை விதித்தது. சோப்தாவுக்கும் மண்டலுக்கும் இடையே இன்று நிற்கும் காட்டைப் பார்க்கும்போது அந்தத் தடைக்கு வேலை இருந்தது என்று தெரிகிறது. ஜனவரியில் வரும் வசந்தத்துக்கு எந்தத் தடையும் பிறப்பிக்க முடியாது.

மண்டலிலிருந்து கோபேஷ்வர் வரை கோதுமைப் படிக்கட்டு வயல்கள். அங்கிருந்து சமோலிக்கு இறங்கினால் சாலை மறுபடியும் அலகநந்தாவைச் சேர்கிறது. இடப்புறம் திரும்பினால் பத்ரிநாத். பங்குனியில் அந்தப் பக்கம் ராணுவ லாரிகளும் உள்ளூர் பஸ்களும்தான் போகின்றன.