பக்கத்தைப் பிறர் கையில் கொடுங்கள்

மாணவர்களே, பாடசாலைச் சஞ்சிகைக்கு ஒரு பக்கம் அமைத்துவிட்டு, கணினித் திரையைக் காட்டி "எப்படி இருக்கிறது?" என்று நண்பரிடம் கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்பார், அத்தோடு சரி. ஏ4 தாளில் உண்மை அளவில் அச்சிட்டுக் கொடுங்கள். எதையும் விளக்காமல், அவர் எந்த இடத்தில் வரியைத் தவறவிடுகிறார் என்று கவனியுங்கள்.

பக்கத்தைச் செய்யச் சொன்னவரின் கருத்து வேறு வகையானது. அவர் குறையைச் சொல்லாமல் பரிகாரத்தையே சொல்வார். எங்கள் அச்சகப் பயிலுநர் ஒருவர் அமைத்த வாசிகசாலை மலரில், காலமான தலைவரைப் பற்றிய பக்கத்தைப் பார்த்த மலர்க்குழுவினர், "எழுத்தைப் பெரிதாக்குங்கள்" என்றனர். 10 புள்ளி எழுத்தை 12 ஆக்கினால் கடைசிப் பந்தியை நீக்க வேண்டிவரும். அதை எழுதியவர் தலைவரின் மகள். "வாசிக்கச் சிரமமான இடத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டோம். காட்டிய இடத்தில் மேல்வரிப் "பூ"வின் வாலும் கீழ்வரிக் "கீ"யின் சுழியும் முட்டிக்கொண்டு நின்றன. வரியிடைவெளிதான் சிக்கல். (ஆங்கில எழுத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் பல வேளை போதாது.) நிழற்படத்தின் மேற்புறத்தில் வெறும் வானமாக இருந்த ஓர் அங்குலத்தை, அதாவது 72 புள்ளியை, வெட்டினோம். வரிக்கு 2 புள்ளியாக அப்பக்கத்தின் 36 வரிகளுக்கும் அது போதுமாயிற்று. மகளின் பந்தியும் தப்பியது.

கிடைக்கும் எல்லாக் கருத்துகளையும் ஏற்கத் தேவையில்லை. ஒருவருக்கு நிறம் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், அவர் பணம் தருபவராக இல்லாவிடின்! மூவர் ஒரே வரியில் தடுமாறினால் திருத்துங்கள். பெயரோ திகதியோ பிழை என்று ஒருவர் சொன்னாலும் போதும், அச்சுக்கு அனுப்புமுன் மூலப்பிரதியை எடுத்துப் பாருங்கள்.