தேக்குத் தூண்களும் ஊர்ப் பத்தாயமும்

பெங்களூரில் வாழும் வாசகர்களே, ஊருக்குச் செல்லும் பேருந்துக்காகக் கலாசிபாளையத்தில் எத்தனையோ முறை காத்திருந்திருப்பீர்கள். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், ஆல்பர்ட் விக்டர் சாலையும் கிருஷ்ணராஜேந்திர சாலையும் சந்திக்கும் இடத்தில், கோட்டை வெங்கடரமணர் கோவிலையடுத்துத் திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை நிற்கிறது. மெட்ரோவில் வருவோர் கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். மார்க்கெட்டின் இரைச்சலுக்கு இத்தனை அருகில் இவ்வளவு அமைதியான ஒரு தோட்டமும் மரமாளிகையும் உண்டென்பதை, பல ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தவர்களும் அறியாதிருக்கிறார்கள்.

1781இல் ஹைதர் அலி தொடங்கிய இவ்வரண்மனையை, அடுத்த ஆண்டே அவர் மறைந்துவிட்டபடியால், மகன் திப்பு 1791இல் முடித்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபின் இது பிறர் கைக்குப் போயிற்று. அரசுச் செயலகமே இங்கு இயங்கியது. 1868இல்தான் அந்த அலுவலகங்கள், இன்று உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரிக்கு மாறின. குமாஸ்தாக்களின் மேசைகளையும் தாங்கிய இந்தத் தேக்குத் தூண்கள் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

அங்கே செல்லும்போது மேலே பார்ப்பதற்குமுன் கீழே பாருங்கள். எந்தத் தூணும் மண்ணில் ஊன்றப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கற்பீடத்தின்மேல் நிற்கிறது. அழகுக்காக மட்டும் செய்த வேலையல்ல அது. மரம் முதுமையினால் சாவதில்லை, ஈரத்தினால்தான் சாகிறது. நிலத்தின் நீர் அடிமரத்தில் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். இற்ற மரத்தைக் கரையான் எளிதில் தின்னும். நார்வே தேசத்தில் போர்குண்ட் என்னுமிடத்திலுள்ள மரத்தேவாலயம் ஏறக்குறைய 1180ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் அடிச்சட்டங்களும் கல்லடுக்கின்மேலேயே கிடத்தப்பட்டுள்ளன. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுத் தச்சர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

சுவர்களையும் மேல்தளத்தையும் அலங்கரித்த பூவேலைகள் பல இடங்களில் மங்கிப்போயுள்ளன. "புதிதாகச் சாயம் பூசி ஜொலிக்கவைக்கக் கூடாதா?" என்று கேட்போர் உண்டு. கூடாது என்பதே என் எண்ணம். மங்கியதாயினும் அது அந்நாளைய ஓவியரின் கைவேலை. அதன்மேல் பூசுகிற புதுச்சாயம் நம்முடையது. மேலே பூசியபின் கீழேயுள்ளதைத் திரும்பப் பெறுவது அரிது.

இவற்றையெல்லாம் சொல்வதற்குக் காரணமுண்டு. குமரி மாவட்டத்திலிருந்தும் கேரள எல்லையோரத்திலிருந்தும் வந்த வாசகர்கள் பலருடைய பூர்வீக வீடுகளில் நெல்லைச் சேமித்த மரப் பத்தாயம் இன்னும் இருக்கும். பலாமரத்தாலோ அயினியாலோ செய்து, தரையில் படாதபடி உயர்த்தி வைத்திருப்பார்கள். முன்பக்கத்துப் பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் காடியில் இறக்கியிருப்பார்கள். நெல் குறையக் குறையப் பலகையைக் கழற்றுவார்கள். வயல்கள் ரப்பர் தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறியபின் அது வெறுமையாய்க் கிடக்கிறது. இப்போது சகோதரர்கள் தொலைபேசியில் பேசிக்கொள்வது இரண்டே வழிகளைத்தான்: பழைய மரம் வாங்குபவருக்கு விற்றுவிடுவது, அல்லது நன்றாக இழைத்து வார்னிஷ் பூசி வரவேற்பறையில் வைப்பது. முதலாவதில் பத்தாயம் போய்விடும். இரண்டாவதில் தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்த பலகை விளிம்பும், உளியின் தடமும் போய்விடும். பெயருக்குப் பத்தாயம் இருக்கும், அவ்வளவே.

மூன்றாம் வழி ஒன்று உண்டு. இற்றதை மட்டும் நீக்குவது. முதலாவது மேற்கூரையின் ஒழுக்கை அடையுங்கள். அதைச் செய்யாமல் மரத்தில் கைவைப்பது வீண்செலவு. பின்பு பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கி, இற்ற காலின் அடியை மட்டும் நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, அதே இன மரத்தில் ஒரு துண்டைச் சாய்வாகச் செதுக்கிப் பொருத்தி, மரமுளையடித்து இறுக்கவேண்டும். அயினிக்கு அயினி, பலாவுக்குப் பலா. அதுவும் நன்றாய் உலர்ந்த மரமாயிருக்கவேண்டும். பச்சை மரம் பிற்பாடு சுருங்கி, பொருத்தை இளக்கிவிடும். காலைச் சுற்றிச் சிமெண்ட் பூசுவது பலரும் செய்கிற காரியம். உறுதியாகத் தோன்றும், ஆனால் உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியின்றி மரத்தை இற்றுப்போகச் செய்யும். எனாமல் பெயிண்டும் பெரும்பாலும் அப்படித்தான். நம் முன்னோர் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்கள். கருமை ஏறும், கையில் பட்டால் தோல் புண்ணாகும்; ஆகையால் பழகியவரே பூசவேண்டும். ஆனால் பூச்சி அண்டாது.

புதிதாய்ப் பொருத்திய துண்டைப் பழையதுபோல் வேஷமிடவும் வேண்டாம். 2017 டிசம்பரில் டெல்லியில் கூடிய இக்கோமோஸ் என்னும் பன்னாட்டு மரபுச்சின்ன அமைப்பு, மரக்கட்டடங்களைப் பேணுவதற்கான நெறிகளை ஏற்றுக்கொண்டது. புதிய மரத்தில் கண்ணை உறுத்தாதபடி ஓர் அடையாளமிட வேண்டும் என்பதும் இத்துறையின் நெறிகளில் ஒன்று. பத்தாயத்தின் உட்புறத்தில் ஆண்டை உளியால் பொறித்தாலே போதும்.

வீடே இடிபடப்போகிறது, வேறு வழியில்லை என்றால்? பொருத்துகள் முளைகளால் ஆனவையாயின் கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், கேரளத்துப் புதுப்பள்ளியின் சுறியானி கிறிஸ்தவர் வீடொன்றை அவ்வாறே கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தானிய அறையும் அதில் உண்டு. கழற்றுமுன் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டு, படமும் வரைந்துகொள்ளுங்கள். ஆயினும் இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். தன் முற்றத்தை இழந்த பத்தாயம் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் தச்சர் இளையவராயிருந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு தக்கலையருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய்வாருங்கள். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. தூணும் உத்தரமும் சேருமிடங்களை அவர் நின்று பார்க்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை.