உப்பில்லா ரொட்டியும் உயராத இரத்த அழுத்தமும்

இத்தாலி நாட்டின் நடுவே, எப்பக்கத்திலும் கடலைக் காணாத மாநிலம் உம்பிரியா. ஐந்துகாய பிரான்சிஸ் அசிசியாரையும் புனித கிளாரம்மாளையும் திருச்சபைக்கு ஈந்த மண் அது. ஏறத்தாழ 480-ஆம் ஆண்டில் புனித ஆசீர்வாதப்பர் பிறந்த நோர்சியா என்னும் ஊரும் அம்மாநிலத்திலேயே உள்ளது. உரோமைக்குத் திருயாத்திரை செல்லும் நம்மவர் பெரும்பாலும் ஒரு பகற்பொழுதை அசிசியில் கழித்துவிட்டுத் திரும்பிவிடுவர். நாமோ அங்குச் சில நாட்கள் தங்கும் பேறு பெற்றோம். அசிசியின் ஆலயங்களைப் பற்றியும் கல்லறைகளைப் பற்றியும் எழுதியோர் பலர். ஆகவே நாம் அவற்றை விடுத்து, அம்மக்களின் உணவையும் வாழ்க்கை முறையையும் பற்றி, அதிலும் நம் இல்லங்களில் சந்தடியின்றிப் புகுந்துவிடும் இரத்தக் கொதிப்பு நோயோடு அவற்றுக்குள்ள உறவைப் பற்றிச் சிறிது கூற விழைகிறோம்.

மலைச்சரிவில் ஒரு நகரம்

உரோமையிலிருந்து புறப்படும் இரயில், தெர்னி, ஸ்பொலேத்தோ ஆகிய ஊர்களைக் கடந்து ஃபொலிஞ்ஞோ வந்து சேர்கிறது. மகாகவி தாந்தேயின் பெருங்காப்பியம் 1472-ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறியது இவ்வூரில்தான். அங்கு வண்டி மாறினால் சற்று நேரத்தில் அசிசி வந்துவிடும். இரயில் நிலையம் சமவெளியில் இருக்கிறது. நகரமோ சுபாசியோ மலையின் சரிவில் அமர்ந்திருக்கிறது. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த கற்களால் எழுப்பிய வீடுகள். அவற்றினூடே செங்குத்தாக ஏறும் குறுகிய தெருக்கள். மலையடிவாரமெங்கும், ஸ்பொலேத்தோ வரையிலும், சாம்பற்பசுமை பூத்த ஒலிவத் தோப்புகள். எழுபதைக் கடந்த மூதாட்டியரும் காய்கறிப் பையைக் கையில் ஏந்தி அத்தெருக்களில் நிதானமாக ஏறி இறங்குவதைக் கண்டு வியந்தோம். நடை அவர்களுக்கு உடற்பயிற்சியன்று. அன்றாட வாழ்வே அதுதான்.

ரொட்டியின் கதை

முதல் நாள் உணவு மேசையில் ரொட்டியை வாயிலிட்ட நம் குழுவினர் ஒருவரையொருவர் நோக்கினர். அதில் ஒரு கல் உப்பும் இல்லை! சமையற்காரர் மறந்துவிட்டார் போலும் என்று எண்ணிய நமக்கு, விடுதித் தலைவி சிரித்துக்கொண்டே அதன் வரலாற்றைச் சொன்னார்.

1540-ஆம் ஆண்டில், மூன்றாம் சின்னப்பர் என்னும் பாப்பரசர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் உப்பின் விலையை உயர்த்தினார். உம்பிரியாவின் தலைநகரான பெருஜியா அதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து தோற்றது. அந்நகரை அடக்கி வைக்கப் பாப்பரசர் கட்டுவித்த கோட்டையின் அடித்தளங்களை இன்றும் பெருஜியாவில் காணலாம். வரி கொடுக்க மனமில்லாத மக்கள் அன்று முதல் உப்பில்லாமலே ரொட்டி சுட்டனர் என்பது ஊரார் கூற்று. உப்பில்லா ரொட்டி அதற்கும் முந்திய வழக்கமே என்பர் வரலாற்று ஆசிரியர்கள். எது எவ்வாறாயினும், உப்பு வரியை எதிர்த்து 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்த தமிழ் மக்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

அப்படியானால் உம்பிரியா மக்கள் உப்பை மிகக் குறைவாக உண்கிறார்களோ என்று கேட்கத் தோன்றும். இல்லை. ரொட்டியில் இல்லாத உப்பு, அதனுடன் உண்ணும் பன்றித் தொடைக்கறியில் இருக்கிறது. பாலாடைக் கட்டியில் இருக்கிறது. இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்தும் கலையில் நோர்சியா ஊரார் பெயர் பெற்றவர்கள். நம் வீட்டுக் கதையும் இதுவே. சோற்றை உப்பிடாமல்தான் வடிக்கிறோம். ஆனால் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் கருவாடும் சேர்ந்து அந்தக் குறையைப் பன்மடங்கு நிறைவு செய்துவிடுகின்றன. வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே, போதுமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பு மிகுந்தால் உடலில் நீர் தங்கும். இரத்தத்தின் அளவு பெருகும். குழாய்களின் மேல் அதன் அழுத்தமும் ஏறும்.

அடைப்புக்குள் ஓர் ஆராய்ச்சி

அசிசியில் புனித கிளாரம்மாள் பேராலயத்தை ஒட்டிய மடத்தில், அவர் சபைக் கன்னியர் இன்றும் அடைப்பு வாழ்வு நடத்துகின்றனர். இத்தகைய அடைபட்ட மடங்கள் உம்பிரியாவில் பல உண்டு. உலகம் பெரிதும் கவனியாத இக்கன்னியர், மருத்துவ உலகுக்கு ஓர் அரிய பாடத்தைத் தந்திருக்கின்றனர் என்பதை நம்முள் பலர் அறியோம்.

மரியோ திமியோ என்னும் இத்தாலிய மருத்துவரும் அவருடைய தோழர்களும், அடைபட்ட துறவற சபையொன்றைச் சேர்ந்த 144 கன்னியரையும், இல்லற வாழ்விலும் உலக வாழ்விலும் இருந்த 138 பெண்களையும் தேர்ந்து, அவர்களுடைய இரத்த அழுத்தத்தை ஆண்டுக் கணக்கில் அளந்து வந்தனர். தொடக்கத்தில் இரு சாராருக்கும் வயது, உடற்பருமன், இரத்த அழுத்தம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இரு சாராரிலும் புகை பிடிப்போர் ஒருவரும் இல்லை. இருபது ஆண்டுகளின் முடிவை 1988-இல் வெளியிட்டனர். உலகில் வாழ்ந்த பெண்களின் இரத்த அழுத்தம் வயதோடு கூடவே படிப்படியாக ஏறியிருந்தது. கன்னியரின் அழுத்தமோ ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நின்றது! முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை அதுவே. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் கன்னியரிடையே குறைவாகவே காணப்பட்டன.

கன்னியர் உப்பைக் குறைத்து உண்டதனால் இவ்வாறு ஆயிற்றோ? அதையும் மருத்துவர்கள் விட்டுவைக்கவில்லை. சிறுநீரில் வெளியேறும் உப்பின் அளவைச் சோதித்தபோது இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. உடல் எடை கூடியதிலும் வேறுபாடு இல்லை. உலகப் பெண்கள் பிள்ளை பெற்றதும் காரணமாகத் தோன்றவில்லை. எஞ்சியது வாழ்க்கை முறை ஒன்றே. மௌனம், தியானம், மணியடித்தால் செபம், மணியடித்தால் வேலை, மணியடித்தால் உறக்கம். போட்டியில்லை, கடனில்லை, நாளை என்ன ஆகுமோ என்ற ஏக்கமில்லை. இந்த மன அமைதியே காரணமாயிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அச்சமோ சினமோ எழும்போது நரம்புகள் உடலைப் போருக்கு ஆயத்தப்படுத்துகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. ஆபத்து நீங்கினால் அழுத்தமும் இறங்கிவிடும். ஆனால் ஆபத்து வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால்? நாள்தோறும் ஏறி ஏறி, இறங்கும் வழியையே உடல் மறந்துவிடுமன்றோ!

நம் இல்லங்களின் நிலை

இவ்வாராய்ச்சி சில நூறு பெண்களை மட்டும் பற்றியது. இதை வைத்து உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றோ, செபித்தால் மாத்திரை வேண்டாம் என்றோ எவரும் எண்ணிவிடலாகாது. மருத்துவர் தந்த மாத்திரையை நோன்புக் காலத்திலும் நிறுத்தக் கூடாது. நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. வயதானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்று கைவிரிப்பது சரியன்று. நாம் வாழும் விதமும், நம்மோடு வாழ்வோர் நம்மை நடத்தும் விதமும் அதை ஏற்றவும் வல்லன, இறக்கவும் வல்லன.

நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் பங்குக் குருக்கள் இதை நன்கு அறிவர். ஐம்பதை எட்டுமுன்னே ஒரு பக்கம் செயலிழந்து கிடக்கும் குடும்பத் தலைவர்களைக் காண்கிறோம். கதையைக் கேட்டால், மகளின் திருமணத்துக்கு வாங்கிய வட்டிக் கடன், அதை மறக்கக் குடித்த குடி, இரவுப் பணியால் கெட்ட உறக்கம் என்று அது நீளும். கணவன் குடித்துவிட்டு எந்நேரம் வருவானோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் மனைவிக்கு எந்த உப்பில்லாப் பத்தியம் உதவும்? அவளுடைய நோய்க்கு மருந்து பாதி மருத்துவமனையில் இருக்கிறது. மறு பாதி அவள் கணவனிடம் இருக்கிறது.

அனைவரும் மடம் புக முடியாது, புகவும் வேண்டியதில்லை. ஆனால் மடத்தின் ஒழுங்கில் சிறிதை இல்லத்துக்குள் கொண்டுவரலாம். உண்ணவும் உறங்கவும் ஒரு நேரம் வகுத்துக் கொள்ளுங்கள். இரவுச் செபமாலைக்குப் பின் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டுச் சிறிது நேரம் அமைதியாக ஒருவரோடு ஒருவர் அமர்ந்திருங்கள். ஊர் மெச்ச விருந்து வைத்துக் கடன்படுவதைத் தவிருங்கள். ஆலயத்துக்கும் கடைக்கும் இயன்றவரை நடந்தே செல்லுங்கள். ஊறுகாய் ஜாடியை மேசையிலிருந்து அகற்றி, கீரைக்கும் பழத்துக்கும் அங்கு இடம் தாருங்கள். குடியையும் புகையையும் அடியோடு விடுங்கள். தனித்து வாழும் முதியோரை வாரம் ஒருமுறையேனும் சென்று பாருங்கள்.

யாவற்றுக்கும் முன்பாக, அளந்து பாருங்கள். இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஆகவேதான் அது உள்ளவர்களில் மிகப் பலர் அதை அறியாமலே நடமாடுகின்றனர். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 என்ற எல்லையை எட்டினால் மருத்துவரின் சிகிச்சை இன்றியமையாதது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து சென்று அளந்துகொள்வது நலம். ஒருவர் எண்ணை மற்றவர் அறிந்திருந்தால், வீட்டில் எழும் பல கோபங்கள் பாதியிலேயே அடங்கிவிடும்.