அரம் பிடிக்கும்போதே

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் உண்டு. உளி அடிக்கிறவரை உள்ளூரிலேயே யாருக்கும் தெரியாது. என் மாமா நாற்பது வருஷமாக லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி உளி அடிக்கிறார். கண்ணில் புரை விழுந்த பிறகு உலையும் சம்மட்டியும் அவருக்கு, அரம் எனக்கு என்று ஆகிவிட்டது.

அடித்த உளியை ராத்திரி முழுக்கச் சாம்பலில் புதைத்து வைப்போம். மெல்ல ஆறினால்தான் இரும்பு இளகி அரம் பிடிக்கும். காலையில் முதலில் கருஞ்செதிலைத் தட்டி எடுக்கணும். அது அரத்தின் பல்லைத் தின்றுவிடும். பிறகுதான் பின்பக்கத்தைத் தட்டையாக்கும் வேலை. அரத்தை முன்னும் பின்னும் ஓட்டினால் கை தொட்டில் மாதிரி ஆடும், இரண்டு முனையும் தேய்ந்து நடுவில் தொப்பை விழும். அதனால் அரத்தைக் குறுக்கே பிடித்து இழுக்கிறேன். கண்ணாடித் துண்டில் நீல மை தடவி உளியை அதில் வைத்து எடுத்தால், மை ஒட்டிய இடமெல்லாம் மேடு.

நடுவில் மயிரிழை குழி இருந்தால் பரவாயில்லை. ஜப்பான் உளிகளில் அதை வேண்டுமென்றே வைக்கிறார்கள். தொப்பை இருந்தால் உளி மரத்தில் படிந்து உட்காராது, துளையின் சுவர் கோணும், கழுந்து ஆடும். வாயை மட்டும் இப்போது கூராக்கக் கூடாது. 1.5 மி.மீ. கனமாவது விடணும். மெல்லிசாக இருந்தால் தீயில் கருகும், தோய்ச்சலில் விரியும்.

"தோய்ச்சல்ல எப்படியும் கொஞ்சம் வளையத்தான் போகுது, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டேன்.

"வளையட்டும் மாப்ள. அப்புறம் அரம் வழுக்கும், கல்லுலதான் தேய்க்கணும். இப்ப பத்து நிமிஷம், அப்ப ஒரு பொழுது."

வளைவைக் குறைக்க, தோய்ச்சலுக்கு முன்னால் இரண்டு தடவை சிவக்கக் காய்ச்சிக் காற்றிலேயே ஆறவிடுகிறோம். சம்மட்டி அடியில் ஏறிய முறுக்கு அதில் தளரும்.

எண்ணெயில் இறக்குகிற சூட்டை மாமா நிறம் பார்த்தே சொல்வார். இப்போது சிவப்பு அவருக்குப் புகை மாதிரி தெரிகிறதாம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டிக் கொடுத்தேன். 770 டிகிரி வாக்கில் இரும்பைக் காந்தம் விட்டுவிடும். அதற்கும் கொஞ்சம் மேலே போனதும் இறக்கணும். நாலு நாள் அதைத் தொடவே இல்லை.

ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால் "தை போகட்டும்" என்கிறார். நான் ஒழுங்காக அரம் போடப் போட அவரும் தள்ளிப்போடுகிறார், அதுதான் எனக்குச் சங்கடம். ஆறு உளி தயாராகிவிட்டது. ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கட்டைவிரலால் தடவிவிட்டு, காந்தத்தை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.