ரீஸ்டார்ட் பண்ணினால் ஏன் மறந்து போகுது?



எங்கட பாடசாலைக் கணினி அறையைப் பற்றி ஊரில் ஒரு கதை உலாவுது. "அதெல்லாம் பழுதாம், எதைச் செட் பண்ணினாலும் அடுத்த நாள் அழிஞ்சு போகுதாம், வித்துப் போட்டால் என்ன?" பெற்றோர் கூட்டத்திலும் இதையே கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

அந்தப் பழைய மெஷின்களில் டீபீஎம் 2.0 இல்லை, அதனால் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. ஆகவே லினக்ஸ் போட்டோம். நன்றாகத்தான் ஓடுது.

பிரச்சினை திரையில். மொனிட்டர்தான் தன்னுடைய அளவை கொம்பியூட்டருக்குச் சொல்ல வேண்டும். பழைய கேபிளில் ஒரு பின் உடைந்தாலே அந்தத் தகவல் போய்ச் சேராது. அப்போது அது தானாக 1024க்கு 768 போல ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். எழுத்தெல்லாம் இழுபட்டு மங்கலாகத் தெரியும். எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையால் சரிசெய்யலாம், ஆனால் மெஷினை நிற்பாட்டும் வரைக்கும்தான் அது நிற்கும். கரண்ட் போகிற விசயம் உங்களுக்கே தெரியும்.

தரம் 10இல் பார்வை குறைந்த ஒரு பிள்ளை இருக்கிறார். 40 நிமிடப் பாடத்தில் அவருடைய திரையைச் சரிசெய்யவே ஐந்து நிமிடம் போகும். மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு பிறகு, "தெரியுது டீச்சர்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்படி மாற்றுகிற பல விசயங்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். லினக்ஸில் சிஸ் என்றொரு போல்டர் இருக்கிறது. உள்ளே கோப்புகள் இருப்பது போலத் தெரியும், ஆனால் டிஸ்க்கில் அப்படி எதுவுமே இல்லை. ஒவ்வொரு முறை ஆரம்பிக்கும்போதும் கேர்னல் அதைப் புதிதாக உருவாக்கும். கரும்பலகையில் எழுதினதை யாராவது கொப்பியில் எழுதி வைத்தால்தானே நாளைக்கும் இருக்கும்?

அந்தக் கொப்பி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. திரையின் அளவை எக்ஸோர்க்கின் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டோம். ஒரு பிள்ளையின் கணக்கில் எழுதாமல் முழு மெஷினுக்கும் பொதுவாக எழுதினோம், ஏனென்றால் வகுப்புக்கு வகுப்பு ஆள் மாறும். இப்போது அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்ததுமே எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. என்னைக் கூப்பிடுவதில்லை.

சத்தத்தின் கதை வேறு. முறையாக ஷட்டவுன் பண்ணினால் சத்த அளவை லினக்ஸ் தானே சேமித்து வைக்கும். திடீரென்று கரண்ட் போனால் அந்த வேலை நடக்காது. ஆகவே சரியான அளவை வைத்த கையோடு 'அல்சாசிடிஎல் ஸ்டோர்' என்று ஒருமுறை அடித்துவிட வேண்டும். இடையில் குத்துகிற யூஎஸ்பி சாமான்களுக்கு யூடெவ் விதி என்று ஒன்று உண்டு. அதை நாங்கள் இன்னும் தொடவில்லை.

நேரம் பின்னுக்குப் போவது மட்டும் மென்பொருள் வேலையல்ல. மதர்போர்டில் இருக்கும் சீஆர் 2032 பட்டன் பெட்டரி செத்துவிட்டது. திகதி பிழைத்தால் பிரவுசர் பல தளங்களைத் திறக்கவே விடாது, "இன்டர்நெட் இல்லை" என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

இன்னும் மூன்று மெஷின்களுக்கு அந்தப் பெட்டரி வேண்டும். வாங்கித் தர விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். விற்கிற பேச்சை அதற்குப் பிறகு பேசுவோம்.