வில்லும் விசிலும்

விழுப்புரத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் படித்தால் 'வில்லுபுரம்' ஆகிவிடுகிறது. அவ்வூருக்கு வில்வித்தை பார்ப்பதற்கென்றே ஒரு சித்திரை மாதத்தில் பிரயாணமானோம். திண்டிவனத்திலுள்ள நம் தங்கையின் பெண், அங்கே ஒரு கோடை முகாமில் சேர்ந்திருந்தாள். "அண்ணா, குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து வராதே? நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்று தங்கை கேட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறுமுன் மைதானத்தை அடைந்தோம். இலக்குகளுக்குப் பின்னால் உயரமான மண்மேடு. இப்பால் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. உபாத்தியாயர், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய மாணவர் படையில் துப்பாக்கி பழகியவர். அவர் கையில் வில் இல்லை, விசில்தான் இருந்தது.

இரண்டு முறை ஊதினால் கோட்டுக்கு வரவேண்டும். ஒரு முறை ஊதினால் எய்யலாம். மூன்று முறை ஊதினால் அம்பு பொறுக்கலாம். அதுவும் நடந்துதான், ஓடக்கூடாது. ஐந்து முறை ஊதினால் எல்லாம் நிற்கவேண்டும். உலகப் பந்தயங்களிலும் இதே முறைதான். அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கலாகாது. அம்பின் வால்முனையும் கண்ணைக் குத்தும். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விட்டால் வில்லே முறியலாம்.

மைதானத்தின் மறுகோடியில் காற்றுத் துப்பாக்கி. குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் இலக்கை நோக்கியே இருக்கவேண்டும். குறி பார்க்கும்வரை விசையில் விரல் படக்கூடாது. குண்டு ஈயமாதலால், கை கழுவிய பிறகே சிற்றுண்டி!

திடீரென்று ஐந்து விசில் ஒலித்தது. ஒரு சிறுவனின் அம்பு கோட்டுக்கு அப்பால் நழுவி விழ, அவன் குனிந்து எட்டிவிட்டான். பக்கத்தில் நம் பெண் நாணை முழுவதும் இழுத்திருந்தாள். நமக்கு மூச்சே நின்றது. அவள் நாணை விடவில்லை. கை நடுங்க, மெதுவாகத் தளர்த்தி, அம்பைக் கழற்றினாள்.

"அம்பு பக்கத்தில்தானே சார் கிடந்தது?" என்றான் பையன்.

"அம்பு பக்கத்தில் கிடந்தது, தம்பி. உன் தலையும் அதன் பக்கத்தில் போய்விட்டதே!" என்றார் உபாத்தியாயர். அன்று முழுவதும் அவனுக்கு வில் இல்லை; கோட்டைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது.

விக்கிரவாண்டி வழியாகப் பஸ்ஸில் திரும்பினோம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றது நினைவுக்கு வந்தது. அவர் சுடும் பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அடங்கிய கைக்கே அது வசப்படும். திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சிக்குச் சாலை பிரிகிறது. 1714-ல் சிறு படையுடன் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனின் சீமை அது. பின்வாங்காத வீரத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்தோம். நிறுத்தத் தெரிந்த வீரத்தை அன்றுதான் கண்டோம்.

தங்கையிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மீதி நாளும் இருந்துவிட்டே வரட்டும், அண்ணா" என்றாள்.