வடிகால் இல்லாத காடு

பூந்தொட்டி செய்கிற குயவர் அடியில் ஓட்டை போட மறப்பதில்லை. நர்சரியில் கன்று வைத்துத் தரும் கறுப்பு பிளாஸ்டிக் பையில்கூட நாலைந்து துளைகள் இருக்கும். கண்ணாடித் தொட்டி வாங்கி, பெரணியும் பாசியும் வைத்து, வீட்டுக் கூடத்தில் ஒரு குட்டி மழைக்காட்டை உண்டாக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் (நானும் அந்தக் கூட்டம்தான்) தண்ணீர் உள்ளே போகும் வழியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்கள். எந்த ஸ்ப்ரேயர், எத்தனை நாஸில், டைமர் வைக்கலாமா? உள்ளே போன தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர் குறைவு. விவேரியம் என்கிற இந்தக் கண்ணாடிக் காட்டு வளர்ப்பில் பாதி வேலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

என்னுடையது மூன்றடி நீளத் தொட்டி. பெரணி, பாசி, பின்சுவரில் ஒட்டிப் படரும் ஃபைகஸ் புமிலா, ஃபிட்டோனியா, ஓரமாகச் சில பிகோனியா. தவளையோ பல்லியோ கிடையாது. ஸ்பிரிங்டெயில் என்கிற, கடுகைவிடச் சிறிய பூச்சிகள் மட்டும் மண்ணுக்குள் பூஞ்சையைத் தின்று வாழ்கின்றன. "மீனும் இல்ல, ஆமையும் இல்ல, இதுக்கு எதுக்குடா இவ்ளோ பாடு?" என்பது அம்மாவின் நிரந்தர விமர்சனம். பதில் சொல்ல முடியாத விமர்சனம்.

கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் இந்தப் பைத்தியத்தைத் தொடங்கி வைத்தவர் லண்டனைச் சேர்ந்த நதானியேல் வார்டு என்ற மருத்துவர். 1829இல் அவர் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு புட்டியில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகச் செய்த ஏற்பாட்டில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் துளித்து, மறுபடி மண்ணுக்கே இறங்கியதை அவர் கவனித்தார். யாரும் தண்ணீர் ஊற்றாமல் அந்தச் செடிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தன. 1833இல் இதே முறையில் செய்த இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் செடிகளோடு சிட்னிக்குக் கப்பலேறின. கடலுப்பும் நன்னீர்ப் பஞ்சமும் சேர்ந்து கப்பலில் செடிகளைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் அவை பச்சையாகவே போய் இறங்கின. பிறகு சீனத் தேயிலை இமயமலைச் சரிவுகளுக்கு வந்ததும், 1860களில் தென்னமெரிக்காவின் சின்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றதும் வார்டு பெட்டிகளை நம்பித்தான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி, அந்த முதல் புட்டியின் முடிவு. வார்டு ஊரில் இல்லாத சமயம் புட்டியின் மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து, செடிகள் செத்துப்போயின. அவரே தம் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். நான்கு வருடம் சொட்டுத் தண்ணீர் கிடைக்காமல் பிழைத்தவற்றை அதிகப்படியான தண்ணீர் கொன்றது. மூடிய புட்டி உள்ளே இருக்கிற ஈரத்தையே திருப்பித் திருப்பிப் புழங்குவதால் அதற்கு வடிகால் தேவைப்படவில்லை. நாமோ தினமும் வெளியிலிருந்து தெளிக்கிறோம். வார்டின் மூடி நம் தொட்டியில் முதல் நாளே துருப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் அடியில் சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் கொசுவலைத் துண்டு, அதற்கு மேல் மண் கலவை. உருண்டை போட்டாயிற்று, இனி மண் வடிந்து உலர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது நடக்காது. மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இறுகப் பிடித்திருக்கும். கீழே இருக்கும் பெரிய இடைவெளிகளுக்கு அவ்வளவு சுலபத்தில் விடாது. மண்ணின் கடைசி அடுக்கு முழுக்க ஊறி, இனிமேல் தாங்காது என்ற நிலை வந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஆகவே உருண்டைக்குச் சற்று மேலே ஈரம் சொதசொதக்கும் ஒரு பட்டை எப்போதும் இருக்கும். அது எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பது மண் எவ்வளவு நைசானது என்பதே. உருண்டைகளின் உபயோகம் வேறு: வடிந்த தண்ணீர் வேரைத் தொடாமல் ஒதுங்கி நிற்க அவை இடம் தருகின்றன. அந்த நீர்மட்டம் ஏறிக் கொசுவலையைத் தொட்டுவிட்டால், மண் அதை மறுபடி மேலே உறிஞ்சிக்கொள்ளும். சில நாளில் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாவின் வேலை அது. நல்ல தொட்டியில் புதுமழை விழுந்த மண்ணின் வாசனை இருக்கும். மீட்டர்களைவிட மூக்கை நான் அதிகம் நம்புகிறேன்.

மண்ணைக் கொரகொரப்பாக்குவதே வழி. அமெரிக்காவின் அட்லாண்டா தாவரவியல் பூங்கா பிரபலமாக்கிய கலவையில் மரப்பெரணி நார், மரப்பட்டைத் துண்டு, கரி, ஸ்பேக்னம் பாசி, பீட் எல்லாம் சேரும். நமக்கு மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் தென்னை நார்க்கழிவும் போதும். பொள்ளாச்சிப் பக்கம் அது மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. ஆனால் நார்க்கழிவில் இயற்கையாகவே உப்பு உண்டு. வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகே தொட்டிக்குள் போட வேண்டும்.

உப்பைப் பற்றிப் பேசாமல் சென்னையில் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் குடியிருப்பின் போர்த் தண்ணீரைத் தெளித்தால் ஒரே வாரத்தில் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகள் படியும். வெளியே ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ஒவ்வொரு தெளிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, பாசியின் நுனி பழுப்பேறும்போதுதான் கணக்கு தெரியவரும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். ஆனால் பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகம் கழிவாகப் போகிறது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் அலங்காரச் செடிக்காக அதைச் செய்ய மனம் வருவதில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டுவதில் உப்பு அநேகமாக இல்லை என்றாலும், அது தூசும் உலோகக் குழாயும் கடந்து வருவதால் நான் தொடுவதில்லை. மிச்சம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை மொட்டைமாடியைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழைகளைப் பிடித்துக் கேன்களில் இறுக மூடி வைக்கிறேன். மூடாவிட்டால் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தும். மாநகராட்சிக்காரர்கள் டார்ச்சோடு வந்து அபராதச் சீட்டு எழுதுவார்கள். எழுதட்டும், நியாயம்தான். இலை நடுவே தண்ணீர் தேக்கும் புரோமிலியாட் செடியை நான் தொட்டியில் சேர்க்காததற்கும் அதே கொசுதான் காரணம்.

தெளிக்கும் அளவு பற்றி. தினமும் மூன்று வேளை, நான்கு வேளை தெளிக்கச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டவர் எழுதியவை. ஹீட்டர் ஓடி வறண்டுபோன அறைக்கு அது பொருந்தும். கடலோரச் சென்னையில் காற்றே பாதி நனைந்திருக்கிறது. வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறில் கொட்டாத மழையா? ஆனால் அங்கே பெரணி நிற்பது சரிவில். விழுந்த மழை வேரை நனைத்துவிட்டு ஓடிவிடும், இலையைக் காற்று துவட்டிவிடும். தொட்டியில் அந்தக் காற்றுக்கு முன்பக்கம் தாழ்வாக ஒரு இடைவெளியும் மேலே ஒரு வலைத்திறப்பும் இருந்தால் போதும். வெதுவெதுப்பான காற்று மேலே போக, கீழே புதுக்காற்று நுழையும். காலையில் பனித்த கண்ணாடி மதியத்துக்குள் தெளிந்தால் அன்றைக்குத் தெளிக்கலாம். நாள் முழுக்கப் பனித்தே கிடந்தால் ஸ்ப்ரேயரை எடுக்க வேண்டாம். கோடையில் இன்னும் கவனம் வேண்டும்: சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். டைமருக்கு இதெல்லாம் தெரியாது.

தேங்கியதை எடுக்க, மூலையில் களிமண் உருண்டை வரை இறங்கும் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை மண் போடும் முன்பே நிறுத்திவிட வேண்டும். அதற்குள் மெல்லிய ட்யூப்பை விட்டு உறிஞ்சி எடுக்கலாம். அப்படி எடுப்பதோடு சேர்ந்த உப்பும் கொஞ்சம் வெளியேறும். இதைவிடச் சிறந்தது அடியிலேயே ஓட்டை போட்டு ஒரு குழாயைப் பொருத்துவது. புதிதாகத் தொட்டி செய்யச் சொல்பவர்கள் கண்ணாடிக் கடையிலேயே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முதலில் அது டஃபன்டு கண்ணாடியா என்று விசாரியுங்கள். டஃபன்டு என்றால் பதப்படுத்தும் முன்பே துளை போட்டிருக்க வேண்டும். பிறகு டிரில் வைத்தால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும்.